கழுத்தில் வெட்டு விழுந்த ராஜா காசு

கொடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்க வேண்டிய விஷயத்தை, முகம் தெரியாத ஊர் உலகத்திடம் ஏன் கேட்டேன்? பிள்ளையைப் பற்றிய பயத்தால் என்று ஒரு நாள் தோன்றும். பெருமைதான் என்று மறுநாள் தோன்றும். நடந்ததைச் சொல்கிறேன். நீங்களே பாருங்கள்.

போன வருடம் குற்றாலத்தில் சாரல் நன்றாக விழுந்த நேரம். எங்கள் மகளுக்கு அப்போது எட்டு மாதம். நாங்கள் தென்காசியில் இருக்கிறோம். கணவர் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஒரு கமிஷன் கடையில் வேலை பார்க்கிறார். நான் எம்.எஸ்சி. படித்துவிட்டு ஒரு பள்ளியில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளை உண்டானதும் நின்றுவிட்டேன்.

என் கணவருக்கு ஒரே அக்கா. கடையத்தில் வாக்கப்பட்டவர். நான் மதினி என்று கூப்பிடுவேன். அண்ணன் தம்பி மூன்று பேரும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கிற வீடு அது. மதினி அங்கே கடைசி மருமகள். கல்யாணமாகிப் பல வருடமாகியும் குழந்தை இல்லை. அதனாலோ என்னவோ என் மகள் மேல் அப்படி ஓர் உயிர். பிரசவ நேரத்தில் என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது, ஆஸ்பத்திரியில் என்னோடு இருந்தது மதினிதான். பிள்ளையை முதலில் கையில் வாங்கியதும் அவர்தான்.

அந்த மதினி ஒரு நாள் போன் செய்து, "ஐந்தருவிக்கு வாரியளா? நானும் வாரேன். பிள்ளையப் பாத்து நாளாச்சு" என்றார். வீட்டுக்கே வரலாமே என்று நான் கேட்டதற்கு, "இல்லட்டி, அங்கனயே பாப்போம்" என்றார். தண்ணீரில் நிற்க ஆசைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அன்று அவர் குளிக்கவே இல்லை. "நீங்க ரெண்டு பேரும் போய்த் தலைய நனைச்சிட்டு வாங்க. பிள்ளைய நான் வச்சுருக்கேன்" என்று மகளை வாங்கிக்கொண்டார். நான் பெண்கள் பக்கம் கூட்டத்தில் முண்டி நின்று குளித்துவிட்டு, தலை சொட்டச் சொட்டத் திரும்பி வந்தேன். சிப்ஸ் கடை ஓரமாக உட்கார்ந்திருந்தார் மதினி. மடியில் மகள். மகளின் கழுத்தில் ஒரு சங்கிலி. அதில் பெரிய பொத்தான் அளவில் ஒரு தங்கக் காசு தொங்கியது.

அந்தக் காசை நான் அதுவரை பார்த்ததில்லை. நம் வீடுகளில் காசுமாலையில் இருக்கிற லட்சுமி காசு மாதிரி இல்லை. ஒரு ஆண்பிள்ளையின் முகம், பக்கவாட்டில். மூக்கு நீண்டு, தலையில் இலை சுற்றிக் கட்டின மாதிரி. விளிம்பில் ஏதோ எழுத்துகள். பின்பக்கம் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். சுற்றிலும் நம் ஊர் ஆசாரி வேலையாகத் தங்கத்தில் மணி மணியாகச் சட்டம் போட்டு வளையம் வைத்திருந்தது. அந்த ராஜாவின் கழுத்துக்குக் குறுக்கே யாரோ உளியால் போட்ட மாதிரி ஒரு வெட்டு இருந்தது.

"எங்க அத்தை எனக்குக் குடுத்தது. ராஜா காசும்பாங்க. இனி இது இவளுக்கு" என்றார் மதினி. முந்தின வருடம்தான் அவர் மாமியார் தவறியிருந்தார்.

என் கணவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, "அக்கா, அத்தானுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"ஏல, உங்க அத்தான்தாம்ல என்னைய பஸ் ஏத்திவிட்டாக" என்று சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "வீட்டுக்குள்ளயே போட்டு அழகு பாரு, என்னட்டி. வெளிய போடாண்டாம். கண்ணு பட்டுரும்" என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். திருஷ்டிக்காகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு நிம்மதி போய்விட்டது. நான் கொஞ்சம் பயந்த சுபாவம். பிள்ளை தும்மினாலே போனில் தேடிப் படிப்பேன். பல் முளைக்கிற வயது, கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குப் போகும். அந்தக் காசை அவள் எந்நேரமும் சப்பிக்கொண்டே இருந்தாள். பழைய உலோகம், என்ன கலந்திருக்கிறதோ, உள்ளே செம்போ ஈயமோ, விளிம்பு கிழித்துவிடுமோ என்று என்னென்னவோ நினைத்தேன். மதினியிடம் கேட்கலாம்தான். ஆனால் ஆசையாகப் போட்டதைத் தங்கமா என்று கேட்டால் மனம் வருத்தப்படுவாரே என்று தயங்கினேன். அவர் மனம் நோகக் கூடாது என்று நினைத்துத்தான் கேட்காமல் இருந்தேன். இதை நினைத்தால் இப்போது எனக்கே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது.

தென்காசியில் எங்களுக்குப் பழக்கமான ஒரு நகைக்கடைக்குக் கொண்டுபோனேன். மெஷினில் வைத்துப் பார்த்த அண்ணாச்சி, "யாரும்மா இந்தத் துரை? ஆளு சுத்தத் தங்கமா இருக்காரு. சுத்தியிருக்க சட்டம்தான் அவரவிட ஒரு படி கம்மி. பிள்ளை கடிச்சா இவருக்குத்தான் வலிக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். விளிம்பையும் தடவிப் பார்த்து, கூர் எதுவும் இல்லை என்றார்.

என் பயத்துக்கு அத்தோடு பதில் கிடைத்துவிட்டது. அங்கேயே விட்டிருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம். மகள் தூங்கி எழுந்து, ரோஸ் கவுனில், அந்தக் காசைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் காசு அவ்வளவு அழகாக இருந்தது. போட்டோ எடுத்தேன். பழைய நாணயங்களைப் பற்றி எழுதுகிற ஒரு முகநூல் குழுவில் நான் எப்போதோ சேர்ந்திருந்தேன். அதில், "என் மகளுக்கு அவள் அத்தை கொடுத்தது. இது எந்த ராஜா என்று சொல்ல முடியுமா?" என்று எழுதிப் போட்டேன். முகம் தெரியக் கூடாது என்று மகளின் மோவாய்க்குக் கீழே வெட்டிவிட்டுத்தான் போட்டேன். அவ்வளவு ஜாக்கிரதையாம் எனக்கு.

பதில்கள் வந்து குவிந்தன. ஒருவர் போலி என்றார். இன்னொருவர் அவரோடு சண்டைக்கு வந்தார். அசல் ரோமாபுரிக் காசு, ஏறக்குறைய இரண்டாயிரம் வருடப் பழசு, மிளகு வாங்க வந்தவர்கள் கொண்டுவந்தது என்றார். எந்த ராஜா என்பதில் நாலு பேருக்கு நாலு அபிப்பிராயம். நம் பக்கம் கிடைக்கிற இந்தக் காசுகளில் ராஜா முகத்தில் இப்படி வெட்டு இருப்பது உண்டு, உள்ளேயும் தங்கம்தானா என்று அந்தக் காலத்தில் வெட்டிப் பார்த்திருப்பார்கள் என்று ஒருவர் விளக்கினார். "இதையெல்லாம் வெளியில் காட்டாதீங்க சிஸ்டர்" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். இவருக்கு என்ன வந்தது என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் சமையல் செய்துகொண்டே அந்தப் பதில்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எட்டு மாதப் பிள்ளை கழுத்தில் இரண்டாயிரம் வருடம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. கணவர் பார்த்துவிட்டு, "எதுக்கு இதெல்லாம் போடுத?" என்று மட்டும் கேட்டார். "பிள்ளை மூஞ்சிதான் தெரியலைல்லா" என்றேன்.

அந்தப் படம் அங்கிருந்து வாட்ஸப்புக்குப் போனது. தென்காசிப் பக்கம் ஒரு வீட்டில் ரோமாபுரித் தங்கக் காசு என்று யாரோ தலைப்புப் போட்டு அனுப்ப, அது ஊர் ஊராகச் சுற்றிக் கடையத்தில் மதினி வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

மதினியின் மூத்த ஓரகத்தியிடமிருந்து, அதாவது அத்தானின் பெரிய அண்ணன் மனைவியிடமிருந்து, எனக்குப் போன் வந்தது. அவர் என்னிடம் போனில் பேசியதே இல்லை. "பிள்ளை எப்படிட்டி இருக்கா? பல்லு முளைச்சிட்டா?" என்று தேனாக ஆரம்பித்தார். பேச்சுவாக்கில், "அந்த ரோஸ் கவுனு அவ அத்தை எடுத்துக் குடுத்ததுதான? கழுத்துல கெடக்கதும் அவ போட்டதுதானோ?" என்றார்.

"ஆமா அக்கா, மதினிதான் போட்டாங்க" என்றேன். சந்தோஷமாகவே சொன்னேன். அத்தையின் பாசத்தை அவர் பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"அப்படியா? சரிட்டி, நல்லாருக்கட்டும்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் என் கணவரிடம் மதினி போனில் பேசியபோதுதான் எல்லாம் தெரிந்தது. முன்னொரு காலத்தில் அவர்கள் வயலில் கிணறு வெட்டும்போது கிடைத்த காசுகளாம் அவை. மீதியிருந்தது மூன்றே மூன்று. ஒவ்வொன்றிலும் வெட்டு ஒவ்வோர் இடத்தில் இருக்கும். ஒன்றில் கன்னத்தில், ஒன்றில் காதருகே, ஒன்றில் கழுத்தில். மருமகள் தலைப்பிள்ளை பெற்றதும், மாமியார் ஒரு காசைச் சங்கிலியில் கோத்து அந்தப் பிள்ளைக்குப் போடுவது அந்த வீட்டு வழக்கம். மூத்தவருக்கு ஒன்று கிடைத்தது. இரண்டாமவருக்கும் கிடைத்தது. மூன்றாவது மாமியாரின் பெட்டியிலேயே காத்துக் கிடந்தது.

அந்த மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்த மாதங்களில் அள்ளிப் போட்டதெல்லாம் மதினிதான். ஒரு நாள் அவர், மதினியையும் அத்தானையும் பக்கத்தில் கூப்பிட்டு, "நீ பெத்தாத்தானா? என்னையவே பிள்ளை கணக்கா வச்சுப் பாத்துட்டியே. இத நீ வச்சுக்கோ. யாருக்கும் சொல்லாண்டாம், வீணா சண்ட வரும்" என்று காசைக் கையில் கொடுத்திருக்கிறார். அவர் தவறிய பிறகு பெட்டியைத் திறந்தபோது காசு இல்லை. எல்லோர் மனத்திலும் ஒரு சந்தேகம். கேட்கத்தான் யாருக்கும் வழியில்லை. அந்த வழியை என் போட்டோ திறந்துவிட்டது. கழுத்து வெட்டு காசையும், மதினி எடுத்துக் கொடுத்த ரோஸ் கவுன் பிள்ளையையும் அவர்களுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டது.

சாகக் கிடந்த மாமியாரிடமிருந்து திருடிப் பிறந்த வீட்டுக்குக் கடத்தியவள் என்று மதினிக்குப் பெயர் ஆகிவிட்டது. நான் படத்தை அழித்தேன். அழித்து என்ன செய்ய?

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளையும் தூக்கிக்கொண்டு நாங்கள் கடையம் போனோம். காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சண்டை முடிந்துவிடும் என்பது என் யோசனை. பஸ்ஸில் அந்தச் சின்ன டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டே போனேன்.

மூத்த ஓரகத்தி வாசலிலேயே நின்றார். "வாட்டி உள்ள. போட்டோல பாத்த ராஜாவ நேர்லயும் பாத்துக்கிடுதோம்" என்றார்.

இரண்டாவது ஓரகத்தி உள்ளேயிருந்து, "கடையத்துலருந்து தென்காசிக்கு ராஜா பஸ்லயா போனாரு? டிக்கெட்டு யாரு எடுத்தா?" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மதினி அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "எதுக்குட்டி பிள்ளையத் தூக்கிட்டு வெயில்ல வந்த?" என்றார். அவ்வளவு நடந்தும் அவர் கேட்டது இதைத்தான்.

நான் டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தேன். யாரும் அதைத் தொடவில்லை. முற்றத்தில் நின்ற அத்தான், "எங்கம்மா எங் கண்ணு முன்னால குடுத்தா. எத்தன தடவ சொல்லுதது?" என்றார்.

"நீரு எப்பவாது உம்ம பொண்டாட்டி சொன்னத மாத்திப் பேசியிருக்கீரா?" என்றார் இரண்டாமவர்.

மூத்தவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுட்டி. நீ படிச்ச பிள்ளை, டீச்சரா இருந்தவ, பொய் சொல்ல மாட்ட. எங்க அத்தை இத இவ கைல குடுத்தத நீ பாத்தியா?"

வீடே என்னைப் பார்த்தது.

"நான் பாக்கல அக்கா" என்றேன்.

"கேட்டியளா?" என்றார் மூத்தவர், எல்லோரையும் பார்த்து.

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நான் பார்க்கவில்லைதான். ஆனால் அந்த நொடியில் மதினி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவே மாட்டேன். கோபம் இல்லை. 'நீயுமா' என்றுகூட இல்லை. ஏதோ ஒன்று தீர்மானமாகிவிட்ட மாதிரி மெதுவாக வந்து டப்பாவை எடுத்தார். திறந்துகூடப் பார்க்காமல் என் கையில் வைத்து, என் விரல்களை அதன்மேல் மூடினார்.

"எடுத்துட்டுப் போ. இத நான் திருப்பி வாங்குனா, எடுத்தது நெசம்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்" என்றார்.

"பிள்ளை பெறாதவ குடுத்தது. போட்டு விளங்கட்டும்" என்றார் மூத்தவர். என் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "ஏல, பேசாம இரு" என்று மதினி அடக்கிவிட்டார். முந்தானையால் என் மகளின் மூக்கைத் துடைத்துவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்புங்க" என்றார்.

திரும்பி வருகிற வழியில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு அந்த மீதி வார்த்தைகள் வந்தன. 'நான் பாக்கல அக்கா, ஆனா எங்க மதினி சொன்னா அது உண்மைதான்.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஐந்தருவியில் சாதாரணமாகச் சிரித்துப் பேசிக்கொண்டு, "எங்க அத்தை எனக்குக் குடுத்தது" என்று அவர் சொன்னதை நான் காதால் கேட்டிருக்கிறேன். அதையாவது சொல்லியிருக்கலாம். பாதியைச் சொல்லிவிட்டு நின்றேன். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிற பரீட்சைப் பழக்கமோ என்னவோ.

அதன்பிறகு அந்தக் காம்பவுண்டுக்குள் மதினியின் சமையல் தனியாகிவிட்டது. அவர் எதற்காவது உள்ளே வந்தால், ஓரகத்திகள் பீரோ சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்கிறார்களாம். இதை அத்தான்தான் என் கணவரிடம் சொன்னார். மதினி சொல்லவில்லை. மதினி இப்போதும் தம்பிக்குப் போன் செய்கிறார். பிள்ளை என்ன பேசுகிறாள், என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்பார். "அவகிட்ட குடு" என்று மட்டும் சொல்வதில்லை. நானாகப் போனை வாங்கிப் பேசினால், நல்லாயிருக்கியாட்டி என்று கேட்டுவிட்டு, அடுப்பில் வேலை இருப்பதாகச் சொல்லி வைத்துவிடுவார். மன்னிப்புக் கேட்க நான் ஆரம்பித்த ஒவ்வொரு முறையும், "அத விடு" என்று நிறுத்திவிட்டார். இந்த வருடமும் சாரல் விழுந்தது. நாங்கள் ஐந்தருவிக்குப் போகவில்லை.

வரும் தை மாதம் மகளுக்குக் காது குத்து வைத்திருக்கிறோம். முறைப்படி கடையத்தில் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். அவர்களும் வருவார்கள், பார்ப்பதற்காகவாவது வருவார்கள். அந்தச் சபையில் என் மகள் கழுத்தில் அந்தக் காசைப் போடுவதா வேண்டாமா என்று நான் தவிக்கிறேன். போட்டு உட்காரவைத்து, இது எங்கள் மதினி கொடுத்தது, அவர் மாமியார் அவருக்குக் கொடுத்தது என்று அன்று சொல்லாததை எல்லோர் முன்னும் சொல்லலாம். ஆனால் நாங்கள் சொல்லிவிட்டுத் தென்காசியில் இருந்துகொள்வோம். மறுநாள் அந்த வீட்டுக்குள் போய் இருக்க வேண்டியவர் மதினி. போடாமல் விட்டால், திருட்டு நகை என்று நாங்களே ஒத்துக்கொண்டு மறைத்த மாதிரி ஆகிவிடும். கணவர் மதினியிடமே கேட்டுப் பார்த்தார். "உங்க இஷ்டம்" என்றாராம்.

முன்பெல்லாம் அவர் எனக்கு அப்படிப் பதில் சொன்னதில்லை. இதைச் செய், இதைச் செய்யாதே என்று உரிமையோடு சொல்வார். ஒரு நகை நிஜமா என்று பார்க்கப் போய், நிஜமாக இருந்த ஒருவரின் அந்த உரிமைப் பேச்சை இழந்துவிட்டேன் என்பதுதான் எனக்கு மிஞ்சியிருக்கிறது.

இதைப் படிக்கிறவர்களில் மதினி நிலையில் இருந்தவர்கள் இருப்பீர்கள், என் நிலையில் இருந்தவர்களும் இருப்பீர்கள். நான் என்ன செய்தால் அவருக்கு நல்லது என்று தயவுசெய்து எழுதுங்கள். எனக்கு எது நல்லது என்று வேண்டாம்.